பற்றின்மைச் சான்றிதழ்

பெங்களூர் காக்ஸ் டவுனிலும் ஃபிரேசர் டவுனிலும் சைக்கிளில் ரொட்டி விற்றுப் பிழைத்த அப்பாதுரைக்கு, தான் ஒரு சர்வதேசத் திட்டத்தில் பங்கேற்று வருவது மூன்று வருஷம் வரை தெரியாது. தெரிந்திருந்தால் அதற்குத் தகுந்தாற்போல் நடந்துகொண்டிருப்பார். அவர், சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

அவர் மனைவி எல்லம்மாவுக்குப் பிறந்த ஒரே குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனது. பால் கட்டிக்கொண்டு அவள் ஜுரத்தில் கிடந்தபோது, யாரோ வராந்தாவில் விட்டுப்போன பெண் குழந்தை ஒன்றை நர்ஸ் தூக்கிவந்து அவள் பக்கத்தில் போட்டாள். அந்தக் குழந்தை யாரையும் எதுவும் கேட்காமல் குடிக்க ஆரம்பித்தது. மறுநாள் டோரீன் என்ற ஆங்கிலோ இந்திய அம்மாள் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை இனிமேல் சங்கத்துக்குச் சொந்தம் என்றும், சங்கம் கேட்கும்வரை நீங்கள் வளர்க்கலாம் என்றும் சொல்லி, அப்பாதுரையின் கட்டைவிரலை மையில் தோய்த்து ஒரு காகிதத்தில் வைத்து அழுத்தினாள். மாதாமாதம் பால்பவுடர் டின் வந்ததால், சங்கம் என்பது ஏதோ பால் சொசைட்டி என்று அப்பாதுரை நினைத்துக்கொண்டார்.

அது பால் சொசைட்டி இல்லை. அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பெரிய பங்களாவில் இயங்கிவந்த சர்வதேச மழலையர் வாழ்வளிப்புச் சங்கம். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளை அயல்நாட்டுத் தம்பதிகளுக்குத் தத்துக் கொடுப்பது அதன் ஒரே நோக்கம். உள்ளூரில் கொடுப்பதில்லையா என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, அதற்குச் சங்கம் எதற்கு என்று தலைவர் வெங்கடகிருஷ்ணன் திருப்பிக் கேட்டாராம். அவர் பழைய மைசூர் சமஸ்தானத்தில் எடை அளவு இலாகாவில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் முத்திரை இல்லாத படிக்கல்லை எந்த மளிகைக்கடைக்காரரும் வெளியே எடுக்க முடியாது. பென்ஷன் வாங்கியபின் அளப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் கொஞ்ச காலம் தூக்கம் வராமல் அவதிப்பட்டார். பிறகு குழந்தைகள் நலத்துக்கு வந்துசேர்ந்தார்.

குழந்தைக்குச் சங்கம் சூட்டிய பெயர் சரஸ்வதி மேரி பேகம். பெற்றவள் எந்த மதம் என்று தெரியாத நிலையில், நாளைக்கு எவரும் வந்து மனம் புண்பட்டதாகச் சொல்லக்கூடாது என்று நிர்வாகக் கமிட்டி நீண்ட நேரம் கூடி முடிவு செய்த பெயர் அது. வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள்.

1963ஆம் வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் அப்பாதுரையைச் சங்கத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். தலைவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டோரீன் டைப்ரைட்டரோடு இருந்தாள்.

"அப்பாதுரை, உனக்கும் உன் சம்சாரத்துக்கும் சங்கத்தோட வாழ்த்துகள். நீங்க வளர்த்த குழந்தை டென்மார்க் தேசத்துக்குத் தேர்வாயிருக்கு" என்றார் தலைவர்.

"தேர்வாயிருக்குன்னா இன்னா சார்?"

"இனிமே உங்ககிட்ட இருக்காது."

அப்பாதுரை தலையாட்டினார். ஒரு பெரிய மனிதர் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் அர்த்தம் பண்ணிக்கொள்வது அவர் வழக்கம். இந்தத் தடவை அர்த்தம் வந்துசேர்ந்தபோது, தலைவர் ஏற்கெனவே அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார்.

"வளர்க்கிறவா எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. குழந்தை மேல பாசம் வச்சுடறா. குழந்தையும் பதிலுக்கு வச்சுடறது. தராசுத் தட்டில இருக்கிற பழைய சரக்கை இறக்காம புதுச் சரக்கை ஏத்தினா எடை சரியா வருமா? எங்க சங்கம் குழந்தையைப் பூஜ்யத்தில்தான் ஒப்படைக்கும். அதுதான் எங்க பேரு. நோடு, அதோ பார், சுவத்தில அட்டவணை இருக்கு. டோரீன், படிச்சுக் காட்டுங்கோ."

டோரீன் படித்துக் காட்டினாள். முதல் மாதம் குழந்தையை இடுப்பில் வைக்கக்கூடாது. இரண்டாம் மாதம் கையால் ஊட்டக்கூடாது. மூன்றாம் மாதம் அம்மா, நைனா என்று கூப்பிடுவதை நிறுத்தி ஆயா, ரொட்டிக்காரர் என்று கூப்பிடப் பழக்க வேண்டும். நான்காம் மாதம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது.

"இது அவ நல்லதுக்குத்தானா சார்?"

"அங்கே போய் உங்களை நெனச்சு ஏங்கி, ஜுரம் வந்து இளைச்சுதுன்னா நீயா வந்து பார்க்கப் போறே?"

அந்த ஒரு கேள்விக்கு அப்பாதுரை பயந்துவிட்டார்.

ஜீவனஹள்ளியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து எல்லம்மாவிடம் சொன்னார். சிட்டு வெளியில் கோழியோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். எல்லம்மா கேட்டாள்.

"அந்த ஊரு எங்க கீது?"

"ஏரோப்ளேன்ல போவணுமாம். ஐஸ் கொட்டுமாம்."

"அங்க இன்னா துன்னுவாங்க?"

"ரொட்டிதான்."

எல்லம்மா யோசித்தாள். "அப்ப சரி. ரொட்டின்னா துன்னுவா" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்க் குடத்தில் நிறைய இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

இதற்கிடையில் சிட்டுவுக்குப் பயிற்சி வகுப்புகள் ஆரம்பமாயின. டோரீன்தான் ஆசிரியை. அவள் பேச்சில் இங்கிலாந்துக்கு 'ஹோம்' என்று பெயர். பிறந்ததிலிருந்து அவள் ரிச்சர்ட்ஸ் டவுனைத் தாண்டிப் போனது வேளாங்கண்ணிக்கு ஒருமுறைதான். பங்களா ஹாலில் நாலைந்து குழந்தைகளை உட்காரவைத்து, முள்கரண்டியால் பன்னைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோகச் சொல்லித்தந்தாள். பன் அப்பாதுரையின் பெட்டியிலிருந்து போனது. டென்மார்க் தம்பதியின் போட்டோவை நாற்காலியில் நிறுத்தி, அதற்குக் குட்மார்னிங் மம்மி, குட்மார்னிங் டாடி சொல்ல வைத்தாள். அழக்கூடாது என்பதும் பாடத்தில் இருந்தது. அழுகை வந்தால் மூக்கால் மூச்சை இழுத்து, ஜன்னலைப் பார்த்து, தேங்க்யூ சொல்ல வேண்டும். சிட்டு அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள் என்று டோரீன் பாராட்டினாள்.

குளிர்ப் பயிற்சி தலைவரின் யோசனை. சிவாஜிநகரில் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிற பேக்டரி ஒன்றைப் பேசி, வாரம் ஒருமுறை குழந்தைகளைக் கம்பளிக் கோட்டோடு அதற்குள் நிற்கவைத்தார்கள். தலைவர் வாசலில் தெர்மாமீட்டரோடு நின்றார். நேர் பின்னால் மீன் கூடைகள் இருந்ததால் குழந்தைகள் மீன் வாசனையோடு வெளியே வந்தார்கள். நிர்வாகக் கமிட்டியில் ஒருவர் இதை ஆட்சேபித்தபோது, டென்மார்க் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாடு, ஆகையால் வாசனையும் பயிற்சியில் சேர்ந்ததே என்று தலைவர் விளக்கம் தந்தார். சிட்டு ஒரு ஐஸ் துண்டை எல்லம்மாவுக்கென்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீடு வந்தபோது பை நனைந்திருந்தது. ஐஸை யாரோ திருடிவிட்டதாகச் சொல்லி, தேங்க்யூ என்று ஜன்னலைப் பார்த்தாள்.

எல்லம்மா அட்டவணையை ஒழுங்காகவே கடைப்பிடித்தாள். அப்பாதுரைக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவர் ரொட்டி விற்கப் போகும்போது சிட்டு ஓடிவந்து ஹாண்டில்பாரில் ஏறிக்கொள்வாள், அவரால் இறக்கிவிட முடியாது. தெருமுனை வரை கூட்டிப்போய்விட்டு, சங்கத்து ஆள் யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் பார்ப்பார். எல்லம்மா அப்படி இல்லை. குழந்தை அங்கே போய் ஜுரத்தில் படுக்கக்கூடாது என்று ஒரே பிடியாக இருந்தாள். இடுப்பிலிருந்து இறக்கினாள். தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அம்மா என்று கூப்பிட்டால் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

சிட்டு இதற்குச் சங்கம் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று அவளாகவே முடிவுகட்டி, சமாதானம் பண்ண ஆரம்பித்தாள். ஒருநாள் வழவழப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்து எல்லம்மாவின் மடியில் வைத்தாள். அடுத்த நாள் கோழி இறகு. அப்புறம் வகுப்பில் சாப்பிடாமல் ஒளித்துக்கொண்டுவந்த பாதிப் பன். அடுப்பு ஊதும்போது பின்னால் வந்து நின்று புடவைத் தலைப்பால் எல்லம்மாவின் முதுகைத் துடைத்துவிட்டாள். எல்லம்மா திரும்பவில்லை. அன்று அடுப்பில் புகை அதிகம் என்று அப்பாதுரையிடம் சொன்னாள். அன்று விறகு நன்றாகக் காய்ந்திருந்தது.

நான்கு மாதம் முடிந்ததும் தலைவர் ஆய்வுக்கு வந்தார். கையில் பழைய இலாகாவின் பித்தளை அளவு நாடா. சிட்டுவை அறை நடுவில் நிறுத்தினார். ஒரு சுவரோரம் அப்பாதுரையும் எல்லம்மாவும், எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் டென்மார்க் போட்டோ. யாரும் வாயைத் திறக்கக்கூடாது. குழந்தை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளந்து, அதிலிருந்து பாசத்தைக் கணக்கிடுவது முறை.

சிட்டு போட்டோவிடம் போய்க் குட்மார்னிங் மம்மி, குட்மார்னிங் டாடி என்று மரியாதையாகச் சொன்னாள். தலைவரின் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் அவள் திரும்பி ஓடிவந்து எல்லம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலைவர் நாடாவோடு கிட்டே வந்தார். அளப்பதற்கு நடுவில் இடம் எதுவும் இல்லை.

"அட்டவணைப்படிதான் நடந்தீங்களா?"

"நடந்தோம் சார். சாமி சத்தியமா" என்றார் அப்பாதுரை.

"குறைய வேண்டியது எப்படி ஏறியிருக்கு? அனுமதியில்லாம அன்பு அதிகரிச்சதுக்கு நீ எழுத்துமூலமா விளக்கம் தரணும்."

அப்பாதுரைக்கு எழுத வராது என்பதால் டோரீனே டைப் அடித்தாள். என்ன எழுத என்று அவள் கேட்டபோது அவர் வெகுநேரம் யோசித்து, "எங்களையும் மீறி நடந்துடுச்சுன்னு போடுங்க மிஸ்ஸம்மா" என்றார். டோரீன் அதை அப்படியே அடித்தாள்.

விளக்கத்தைக் கமிட்டி ஏற்கவில்லை. ஆனால் டென்மார்க்காரர்களுக்கு டிக்கெட் வந்துவிட்டது. தலைவர் தன் அனுபவத்தை எல்லாம் திரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். அன்பு இருக்கிறது, ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. சட்டப்படி அது இல்லாததாகக் கருதப்படும். இதன்படி சரஸ்வதி மேரி பேகத்துக்குப் பற்றின்மைச் சான்றிதழ் வழங்கப்பட்டது. இந்தக் குழந்தைக்கு இந்நகரில் யாரும் இல்லை, யார்மீதும் பற்று இல்லை என்று அதில் கண்டிருந்தது. கீழே சங்கத்தின் அரக்கு முத்திரை.

ஒப்படைப்பு விழா பங்களாத் தோட்டத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. வளர்த்தவர்களுக்கு அழைப்பு கிடையாது. ஆனால் டீக்குப் பன்னும், தேங்காய்ப்பூ வைத்த தில்பசந்தும் சப்ளை செய்ய அப்பாதுரைக்கு ஆர்டர் வந்திருந்தது. குழந்தை கண்ணில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் ஒரு தூணுக்குப் பின்னால் தட்டுகளோடு நின்றார். மேடையில் டென்மார்க்காரர் நீல்ஸ் வளர்த்தியான மனிதர், பள்ளிக்கூட வாத்தியாராம். கழுத்தில் விழுந்த மாலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி இங்கர் சிட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு கால் எட்டாத நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் குட்மார்னிங் சொன்னாள். அப்போது சாயங்காலம்.

தலைவர் பேசினார்.

"இந்தச் சங்கம் ஆரம்பித்தபோது இந்நகரில் அனாதைகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரப் பட்டாளம் காலிசெய்துகொண்டு போன அந்த வருஷங்களில் நம்மால் எடுத்து மாளவில்லை. அது ஒரு பொற்காலம். இன்று நிலைமை கவலை தருகிறது. தாய் செத்தால் சித்தி எடுத்துக்கொண்டுபோய் விடுகிறாள். சித்தி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிடுகிறாள். முறையான பயிற்சியோ சங்கத்தின் அனுமதியோ இல்லாமல் கண்டவர்களும் கண்ட குழந்தைகள்மேல் பாசம் வைக்கிறார்கள். இதைத் தடுக்க மைசூர் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல் கேட்டது.

"இந்தக் குழந்தைக்கு உலகத்தில் யாருமே இல்லை. நாங்கள் பெரும்பாடுபட்டு அதை உறுதிசெய்திருக்கிறோம்."

இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. அப்பாதுரை இரண்டு கையிலும் தட்டுகள் இருந்ததால் தட்டவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் ரொட்டி விற்கப் போகவில்லை. வீட்டில் அடுப்பும் எரியவில்லை. எல்லம்மா சிட்டுவின் பாவாடைகளைத் துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததும் எடுத்து மறுபடி துவைத்தாள். அப்பாதுரை பார்த்தும் பார்க்காததுபோல் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. முதலில் டோரீன் இறங்கினாள். பின்னால் இங்கர் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நீல்ஸ் தலை இடிக்காமல் குனிந்து இறங்கப் பாடுபட்டார். சிட்டு எல்லம்மாவைப் பார்த்தாள். ஆனால் ஓடிவரவில்லை. அனுமதி உண்டா என்று கேட்பதுபோல் டோரீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போ பேபி" என்றாள் டோரீன்.

எல்லோரும் உள்ளே வந்தபின் அவள்தான் நடந்ததைச் சொன்னாள். "இது ஒண்ணும் சாப்பிடலை மேன். அழவும் இல்லை. நான்தானே அழக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தேன். ரோட்டிலே எந்த சைக்கிள் பெல் கேட்டாலும் எழுந்து வாசல் கேட்டுக்குப் போவுது. பாக்குது. திரும்பி வந்து உக்காந்துகிட்டு, தேங்க்யூ மம்மின்னு சொல்லுது. ரெண்டு நாளா இதேதான். அல்சூர் ரோட்டிலே எவ்வளவு சைக்கிள் போவுதுன்னு உனக்குத் தெரியாதா?"

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

இங்கர் கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து விரித்து, டோரீனிடம் ஏதோ கேட்டாள். டோரீன் சொன்னாள். "மேடம் கேக்கறா. இந்தப் பேப்பர்ல பேபிக்கு யாரும் இல்லேன்னு எழுதியிருக்கு. அப்போ நீங்க யாருன்னு கேக்கறா."

"நாங்க தற்காலிகம் மேடம்" என்றார் அப்பாதுரை.

டோரீன் அதை இங்கிலீஷில் சொல்ல இரண்டு தடவை முயன்றாள். கேட்டபின் இங்கர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டென்மார்க்காரர்களையும் சங்கம் சும்மா விடவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. குழந்தையில்லாத வீட்டின் காலி அறைகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் போதுமான அளவு துக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஊர்ப் பாதிரியாரிடம் ஒரு சான்றும் கேட்டிருந்தார்கள். பாதிரியார் முதலில் கொடுத்ததில் அளவு குறிப்பிடப்படவில்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கினார்களாம்.

எல்லம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். சிட்டு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அடுப்புக்கும் வாசலுக்கும் போய்வந்தாள்.

அப்பாதுரைதான் முதலில் பேசினார். "மிஸ்ஸம்மா, அவங்ககிட்ட சொல்லுங்க. கூட்டினு போவட்டும். நாலு நாள் ஏங்குவா, அப்புறம் பழகிடுவா. அங்க இஸ்கூல் இருக்கும், டாக்டர் இருப்பாரு. எங்க குழந்தைக்கு டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் ரொட்டி வித்து இவளுக்கு இன்னா பண்ணிடப் போறேன்?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி எல்லம்மா கேட்டதில்லை. டோரீன் மொழிபெயர்த்தாள். இங்கர் அவரைப் பார்க்காமல் எல்லம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு இந்தப் பொண்ணு வேணுமான்னு கேக்கறா" என்றாள் டோரீன்.

எல்லம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "இத்தினி நாளா ஒருத்தரும் என்னை அதைக் கேக்கலியே. அங்க போனா நல்லா இருப்பாளா, இங்க இருந்தா நல்லா இருப்பாளான்னு கேட்டா எனக்குத் தெரியாது. எனக்கு வேணுமான்னு கேட்டா, வேணும்."

டோரீன் இதை மிகச் சுருக்கமாக மொழிபெயர்த்தாள். "யெஸ்" என்றாள்.

நீல்ஸ் மனைவியின் தோளில் கைவைத்தார். இங்கர் கொஞ்ச நேரம் அழுதாள். ஜன்னலைப் பார்க்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாகவே அழுதாள். சிட்டு பக்கத்தில் போய் நின்று ஆச்சரியத்தோடு அதைப் பார்த்தாள். பிறகு அவளும் ஆரம்பித்தாள். மூன்று நாள் பாக்கியையும் சேர்த்து அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இங்கர் குழந்தையை அங்கேயே விட்டுப்போன செய்தி எட்டியதும் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஒப்படைத்த குழந்தை திரும்பி வந்த சம்பவம் சங்கத்தின் சரித்திரத்தில் இல்லை. அதைப் பதிய ரிஜிஸ்தரில் இடமும் இல்லை. தலைவர் கொதித்துப்போயிருந்தார்.

"யாருமில்லாத குழந்தைதான் வேணும்கிறது அந்த அம்மா. நாம கொடுத்ததும் யாருமில்லாத குழந்தைதானே? முத்திரை போட்டிருக்கோம். சரி, போகட்டும். லிஸ்ட்ல அடுத்த பேரு கானடா. அவாளுக்கு அனுப்பிடலாம்."

கதவோரம் அப்பாதுரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "சார், எங்களுக்கே கொடுத்துட முடியாதா சார்?" என்று கேட்டார்.

"உள்ளூருக்குக் கொடுக்கிறதுக்கு விதியில்லைப்பா. அயல்நாடு மட்டும்தான். உன் மேல எனக்கு ஒண்ணும் விரோதமில்லை. நீ ஒரு கானடாக்காரனா இருந்தா நாளைக்கே கொடுத்துடுவேன்."

அப்போது டோரீன் டைப்ரைட்டரை மூடினாள். "சார், ரூல் புக்ல அயல்நாடுன்னா என்னன்னு போட்டிருக்கு?"

"அது தெரியாதா? நான்தானே எழுதினேன். சங்க ஹாலில் தொங்கும் வரைபடத்துக்குள் அடங்காத பிரதேசம் யாவும் அயல்நாடு."

"அப்போ மேப்பைப் பார்க்கலாம் சார்."

எல்லோரும் ஹாலுக்குப் போனார்கள். அது வெள்ளைக்காரர்கள் காலத்துக் கண்டோன்மென்ட் வரைபடம். பேரேடு மைதானம் இருந்தது, பாரக்ஸ் இருந்தது, அல்சூர் ஏரி நீல நிறத்தில் இருந்தது. காக்ஸ் டவுன்கூட ஓரத்தில் இருந்தது. தலைவர் பூதக்கண்ணாடியோடு விளிம்பு முழுவதும் தேடினார். அப்பாதுரை குடியிருந்த ஜீவனஹள்ளி இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் தேக்குச் சட்டம் இருந்தது.

ஒன்று ஜீவனஹள்ளி அயல்நாடாக இருக்க வேண்டும், அல்லது விதி தவறாக இருக்க வேண்டும். விதியை எழுதியவர் தலைவர் என்பதால் இரண்டாவதற்கு இடமில்லை. அவர் மெதுவாகத் திரும்பி, அப்பாதுரையை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உட்காருங்கோ" என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அப்பாதுரைக்காக ஒரு நாற்காலி நகர்ந்தது. "உங்க தேசத்தில் என்ன பாஷை?"

"தமிழ் சார். கன்னடம். பின்னாடி லைன்ல உருது."

"தட்பவெப்பம்?"

"இங்க மாதிரியேதான் சார். மழை வந்தா மட்டும் தண்ணி உள்ள வந்துடும்."

"தலைநகர்?"

அப்பாதுரை யோசித்தார். "மாரியம்மன் கோயில்கிட்டதான் சார் எல்லாப் பஞ்சாயத்தும் நடக்கும்."

தலைவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது. சங்கத்தின் சேவை இதுவரை எட்டாத ஒரு புதிய தேசத்துக்கு விரிவடைகிறது என்று அவர் தீர்மானத்தில் எழுதவைத்தார். கோர்ட்டில் நீதிபதி சங்கத்தின் மனுவை ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். பிறகு சிட்டு எல்லம்மாவின் இடுப்பில் தூங்குவதைப் பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் தத்துக்கு உத்தரவு போட்டார்.

நீல்ஸும் இங்கரும் மழைக்காலம் முடியும்வரை பெங்களூரில் தங்கினார்கள். பங்களாவின் பின்னறைத் தொட்டிலில் ஒரு பையன் கிடந்தான். எந்த வீட்டுக்கும் வளர்க்கப் போகாதவன், யார் வந்தாலும் போனாலும் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பவன். இங்கர் தினமும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாட்களில் அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தான். அவனுக்குக் குறைக்க வேண்டிய பாசம் எதுவும் இல்லாததால், அவன் காகிதங்கள் சீக்கிரம் முடிந்தன. விமானத்துக்குப் போகும் வழியில் அவர்கள் ஜீவனஹள்ளிக்கு வந்தார்கள். எல்லம்மா பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குளிர் ஊராமே, எண்ணெய் தேய்க்காமல் குளிப்பாட்டாதே என்று இங்கரிடம் தமிழிலேயே சொன்னாள். இங்கர் தலையாட்டினாள்.

அடுத்த வருஷம் தலைவர் அயல்நாட்டு ஆய்வுக்கு வந்தார். குழந்தை போய்ச்சேர்ந்த தேசத்துக்குத் தலைவர் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்பது விதி. தூரம் காரணமாக இதுவரை அது நடந்ததில்லை. கம்பளிக் கோட்டு, மப்ளர், தொப்பியோடு, வியர்த்து ஒழுக, அவர் ஜட்காவிலிருந்து இறங்கினார். எல்லம்மா பாயை உதறிப் போட்டாள். அவர் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"குழந்தே, இங்கே வந்தப்புறம் எப்படி இருக்கு?"

சிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கேர்ந்து வந்தப்புறம்?" என்று கேட்டாள்.

தலைவர் பேனாவை எடுத்தார். வைத்தார். எல்லம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் வீட்டில் டீ போட்டுத் தர யாரும் இல்லை என்று டோரீன் ஒருமுறை சொல்லியிருந்தாள். கடைசியில், குழந்தை அயல்நாட்டு வாழ்க்கைக்கு முழுவதும் பழகிவிட்டது, அந்நாட்டு மொழிகளைச் சரளமாகப் பேசுகிறது, தாய்நாட்டு ஏக்கம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதி முடித்தார்.

வெளியே வந்தபோது ஜட்கா போய்விட்டிருந்தது. அப்பாதுரை ரொட்டி வைக்கும் தகரப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அவரைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மிதித்தார். வரைபடம் தொடங்கும் காக்ஸ் டவுன் முனை வந்ததும் தலைவர் நிறுத்தச் சொன்னார். இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மப்ளரை அவிழ்த்தார். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, ஊர் வந்துசேர்ந்த மனிதனைப்போல ஒரு பெருமூச்சு விட்டார்.